உப்புப் பெறாத ஒரு காப்புரிமை: பெடாகுயிலின் வழக்கு

2023 மார்ச் 23. உலகக் காசநோய் நாளுக்கு முந்தைய நாள். மும்பையில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் ஒரு விண்ணப்பத்தை நிராகரித்தது. விண்ணப்பித்தது ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம். கேட்டது, பெடாகுயிலின் என்ற காசநோய் மருந்தின் உப்பு வடிவத்துக்கான (மருந்தை ஓர் அமிலத்தோடு சேர்த்துக் கிடைப்பது) காப்புரிமை. எதிர்த்து மனு போட்டவர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்: மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனைச் சேர்ந்த ஃபுமேசா டிசிலே. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். இருவருக்கும் காது கேட்காமல் போயிருந்தது.

உலக சுகாதாரப் பிரச்சாரம் என்றதும் மெழுகுவர்த்தி, பதாகை, கையெழுத்து இயக்கம், நன்கொடை உண்டியல் என்றுதான் மனம் போகிறது. இந்த நிகழ்விலும் பதாகைகள் இருந்தன. ஆனால் காரியத்தை நகர்த்தியது ஒரு சட்டப் பிரிவும், ஒரு வேதியியல் கேள்வியும், நான்கு வருடப் பொறுமையும். அந்த அலுப்பூட்டும் பகுதியைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கப்போகிறேன்.

காதைப் பறித்தது நோயல்ல

சாதாரணக் காசநோய்க்கு 6 மாத மாத்திரை போதும். ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் ஆகிய இரண்டு முக்கிய மருந்துகளுக்கும் கிருமி மசியவில்லை என்றால் அதற்குப் பெயர் எம்.டி.ஆர். காசநோய். பல ஆண்டுகளாக அதற்கு இருந்த சிகிச்சை ஒன்றரை, இரண்டு வருடம் நீளும். அதில் மாதக்கணக்கில் தினம் ஒரு ஊசி. கேனமைசின் அந்த ஊசிகளில் ஒன்று. 1957இல் ஜப்பானில் கண்டுபிடிக்கப்பட்டது. உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிர்ச் செல்களை அது அழித்துவிடும். அந்தச் செல்கள் மறுபடி முளைப்பதில்லை. மருத்துவர்களுக்கு இது தெரியாத விஷயமும் இல்லை. வேறு வழி இல்லை என்பதால் போட்டார்கள். உயிரா காதா என்று கேட்டால் எவரும் உயிர் என்றுதானே சொல்வார்கள்?

நந்திதாவுக்கு முதலில் 2007இல் குடலில் காசநோய் வந்தது. குணமாகி, 2013இல் திரும்ப வந்தது. அறுவை சிகிச்சைகளும் கேனமைசின் ஊசியும் சேர்ந்துகொண்டன. அந்த வருடமே காது போயிற்று. சிறுவயது முதல் பரதநாட்டியம் ஆடியவர் அவர். தாளம் காதில் விழாமலே பின்னர் மறுபடி மேடையேறினார்.

ஃபுமேசாவின் கதை கேப் டவுனுக்கு வெளியே, கயலிட்ஷா என்ற பெரும் குடியிருப்பில் தொடங்குகிறது. 2010இல் கல்லூரியில் சேர்ந்த புதிதில் நோய் வந்தது. முதலில் ஒரு வகை என்றார்கள், பிறகு வேறொன்று என்றார்கள், கடைசியில் எக்ஸ்.டி.ஆர்., அதாவது இன்னும் பல மருந்துகளுக்கும் மசியாத வகை என்று தெரிந்தது. மூன்று வருடத்துக்கும் மேல் சிகிச்சை, ஏறத்தாழ 20,000 மாத்திரைகள். 2013இல் நோய் போனது. காது அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டது.

இருவரும் ஊசி போட்டுக்கொண்டிருந்த காலத்தில் மாற்று மருந்து உலகில் இல்லாமல் இல்லை. ஆய்வுக்கூடத்தில் இருந்தது, பிறகு அமெரிக்கச் சந்தைக்கும் வந்தது. அவர்களுக்குத்தான் எட்டவில்லை.

188 மாத்திரை

பெடாகுயிலின் பற்றிய முதல் ஆய்வுக் கட்டுரை 2005இல் வந்தது. காசநோய்க் கிருமி தனக்கான ஆற்றலைத் தயாரித்துக்கொள்ளும் நொதியை இந்த மருந்து முடக்குகிறது. அதுவரை எந்த மருந்தும் தொடாத இடம் அது. 2012 டிசம்பர் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ரிஃபாம்பிசினுக்குப் பிறகு, ஏறக்குறைய 40 வருட இடைவெளியில், புது வகையில் வந்த முதல் காசநோய் மருந்து.

ஆரம்பத் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அனுமதிக்கு அடிப்படையான சோதனையில் மருந்து எடுத்த 79 பேரில் 10 பேர் இறந்தார்கள், எடுக்காத 81 பேரில் 2 பேர். எண்ணிக்கை சிறியது, இறப்புகளுக்கு மருந்துதான் காரணம் என்றும் நிறுவப்படவில்லை. ஆனாலும் அதைப் பார்த்து எந்த மருத்துவரும் யோசிப்பார். அந்தத் தயக்கத்தைத் தீர்த்தது தென்னாப்பிரிக்காதான். அந்த நாடு மருந்தைப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தது. சுமார் 20,000 நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2018இல் வந்த ஆய்வில், பெடாகுயிலின் பெற்றவர்களிடையே இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. அதே வருடம் தென்னாப்பிரிக்கா ஊசியைக் கைவிட்டு இந்த மாத்திரைக்கு மாறியது. உலக சுகாதார நிறுவனமும் கேனமைசினைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொன்னது.

சரி, மருந்து நல்லது என்று ஆகிவிட்டது. விலை?

ஒரு நோயாளிக்கு 24 வாரத்துக்கு 188 மாத்திரைகள். முதல் இரண்டு வாரம் தினம் நான்கு, அப்புறம் வாரத்தில் மூன்று நாள் இரண்டிரண்டு. இந்த 188 மாத்திரைக்கு நிறுவனம் முதலில் வைத்த விலை மூன்று படி: பணக்கார நாட்டுக்கு 30,000 டாலர், நடுத்தர நாட்டுக்கு 3,000, ஏழை நாட்டுக்கு 900. நடுத்தர நாடு என்ற வகைக்குள் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் வருகின்றன. அங்கே காசநோய் யாருக்கு வருகிறது என்று பார்த்தால் நடுத்தரமெல்லாம் ஒன்றுமில்லை. காற்றே வராத ஒற்றை அறை, சுரங்க வேலை, அரை வயிற்றுச் சாப்பாடு. நாட்டின் சராசரி வருமானத்தை வைத்து அந்த வீட்டுக்கு விலை போட்டால் இப்படித்தான் ஆகும்.

இதற்கிடையே அமெரிக்க அரசின் உதவி நிறுவனத்தோடு சேர்ந்து மருந்தை இலவசமாகக் கொடுக்கும் திட்டம் ஒன்று 2015 முதல் 2019 வரை நடந்தது. இந்தியாவும் தொடக்கத்தில் அந்த நன்கொடை மாத்திரைகளைத்தான் நம்பியிருந்தது. 2016இல் நாட்டிலேயே ஆறு மையங்களில் மட்டும் தொடங்கினார்கள், சென்னை உட்பட. எண்ணி எண்ணிக் கொடுக்கும் மருந்து என்றால் என்ன ஆகும்? பாட்னாவிலிருந்து வந்த 18 வயதுப் பெண்ணுக்கு, டெல்லிவாசி அல்ல என்ற காரணத்தால் மருந்து மறுக்கப்பட்டது. தந்தை உயர் நீதிமன்றம் போனார். 2017 ஜனவரியில் மருந்து கிடைக்க வழி பிறந்தது. நோய் முற்றியிருந்தது. அடுத்த வருடம் அவர் இறந்துபோனார்.

நன்கொடையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நன்கொடை நின்ற மறுநாள் என்ன விலை என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. 2018இல் தென்னாப்பிரிக்கா பேரம் பேசி 400 டாலருக்கு இறக்கியது. 2020இல் அது 340 ஆனது. போட்டி நிறுவனங்கள் பெருமளவில் தயாரித்தால் 48 முதல் 102 டாலருக்கு, லாபத்தையும் சேர்த்து, கொடுக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். மருந்தை உருவாக்கும் செலவில் அரசுகளும் அறக்கட்டளைகளும் போட்ட பங்கு நிறுவனம் போட்டதைவிட அதிகம் என்று 2020இல் இன்னொரு ஆய்வும் வந்தது.

யார் வேண்டுமானாலும்

போட்டி வராமல் தடுத்தது காப்புரிமை. பெடாகுயிலின் மூலக்கூறுக்கான காப்புரிமை இந்தியாவில் 2023 ஜூலையில் முடிய வேண்டியது. அதற்கு யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை. 20 வருடம் கொடுத்தாயிற்று, சரி. ஆனால் நிறுவனம் இன்னொரு விண்ணப்பமும் போட்டிருந்தது: அதே மூலக்கூறை ஃபியூமாரிக் அமிலத்தோடு சேர்த்துக் கிடைக்கும் உப்புக்கு. அது கிடைத்தால் ஏகபோகம் 2027 டிசம்பர் வரை நீளும். நான்கரை வருடம் கூடுதல்.

இந்தியச் சட்டத்தில் ஒரு வசதி உண்டு. காப்புரிமை கொடுப்பதற்கு முன்பே அதை எதிர்த்து மனு போடலாம். போடுபவர் போட்டி நிறுவனமாகவோ, வழக்கறிஞராகவோ, இந்தியராகவோகூட இருக்க வேண்டியதில்லை. பிரிவு 25(1) சொல்வது ‘எவரும்’. 2019 பிப்ரவரியில் நந்திதாவும் ஃபுமேசாவும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் துணையோடு அந்த ‘எவரும்’ ஆனார்கள். மகாராஷ்டிரத்தில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் கூட்டமைப்பும் அதே விண்ணப்பத்தை எதிர்த்திருந்தது. எச்.ஐ.வி. உள்ளவர்களை அதிகம் கொல்வது காசநோய்தான் என்பதால் அவர்கள் வந்ததில் வியப்பில்லை.

கேப் டவுன்காரர் ஏன் மும்பைக்கு வர வேண்டும்? அவர் நாட்டில் இந்த வசதி கிடையாது. தென்னாப்பிரிக்காவில் காப்புரிமை விண்ணப்பத்தின் சரக்கைச் சோதிக்காமலே, படிவம் சரியாக இருந்தால் பதிவு செய்து கொடுத்துவிடும் முறை. அங்கே அந்த உப்புக்குக் காப்புரிமை ஏற்கெனவே கிடைத்திருந்தது. அப்புறம், ஏழை நாடுகள் வாங்கும் மலிவு மருந்தில் பெரும்பகுதி இந்தியத் தொழிற்சாலைகளில் தயாராகிறது. மும்பையில் கதவு அடைபட்டால் கயலிட்ஷாவிலும் அடைபடும்.

உப்பில் என்ன புதுமை?

1970ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான். உலக வர்த்தக அமைப்பின் விதிகளால் 2005இல் அது மாறியது. மாற்றும்போது நாடாளுமன்றம் 3(டி) என்ற பிரிவைச் சேர்த்தது. தெரிந்த மருந்தின் உப்பு, படிகம் போன்ற வேறு வடிவத்தைக் கொண்டுவந்தால் மட்டும் போதாது, நோயைத் தீர்க்கும் திறன் கணிசமாகக் கூடியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றி விலையை நீட்டிக்கும் வித்தைக்குப் போட்ட பூட்டு.

இந்தப் பூட்டு முதலில் சோதிக்கப்பட்டது சென்னையில். நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் ரத்தப் புற்றுநோய் மருந்து கிளிவெக்குக்கான விண்ணப்பத்தை, புற்றுநோயாளிகளுக்கான ஓர் உதவி அமைப்பும் சேர்ந்து எதிர்க்க, 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. பிரிவு 3(டி)யே அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2007 ஆகஸ்டில் அது தள்ளுபடி. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அங்கே வழக்கில் இருந்ததும் ஓர் உப்புதான், மெசிலேட் உப்பின் படிக வடிவம். சென்னையில் தொடங்கிய அந்த வழக்கு இல்லாவிட்டால் 2019 மனுவுக்கு நிற்க ஓர் இடமே இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

பெடாகுயிலின் மனுவின் வாதம் இரக்கத்தைக் கேட்கவில்லை. காரத்தன்மை கொண்ட, தண்ணீரில் எளிதில் கரையாத ஒரு மருந்தை அமிலத்தோடு சேர்த்து உப்பாக்குவது மருந்தியல் படிக்கும் எவருக்கும் பாலபாடம். எந்தெந்த அமிலங்களை முயலலாம் என்பதும் தெரிந்த பட்டியல். ஃபியூமாரிக் அமிலம் அந்தப் பட்டியலில் பழைய பெயர். ஆக, இந்த உப்பில் அறிவுபூர்வமான பாய்ச்சல் எதுவும் இல்லை, நோய் தீர்க்கும் திறன் கூடியதற்கான ஆதாரமும் இல்லை என்று மனு சொன்னது. ஈரம் உறிஞ்சாது, கெடாமல் இருக்கும், மாத்திரையாக்க வசதி என்பவை நிறுவனம் காட்டிய நன்மைகள். நல்ல குணங்கள்தான். கெடாமல் இருப்பது வேறு, குணமாக்குவது வேறு. உப்புப் பெறாத விஷயம் என்று நாம் சொல்வோமே, இங்கே உப்பே அப்படி ஆகிவிட்டது.

நான்கு வருடம் கழித்து அலுவலகம் எதிர்ப்பாளர்கள் பக்கம் நின்றது. தெரிந்ததிலிருந்து எவரும் ஊகிக்கக்கூடிய படிதான் இது, 3(டி)யையும் தாண்டவில்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளியது.

தெருவில் நடந்தது

இந்த நான்கு வருடம் எல்லாரும் கோப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ‘ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கு மேல் வேண்டாம்’ என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் பல நாட்டு நோயாளிக் குழுக்களும் 2019இல் பிரச்சாரத்தில் இறங்கின. நல்ல கோரிக்கை. எல்லாருக்கும் புரியும், எல்லாராலும் சரிபார்க்க முடியும்.

அதே அமைப்பு உஸ்பெகிஸ்தான், பெலாரஸ், தென்னாப்பிரிக்காவில் 552 பேரிடம் ஓர் ஆய்வையும் நடத்தியது. பெடாகுயிலினை மையமாக வைத்த 6 மாத மாத்திரைச் சிகிச்சையில் 89 சதவீதத்தினருக்கு நல்ல முடிவு, பழைய சிகிச்சையில் 52. பிரச்சாரம் செய்பவர்களே ஆய்வும் செய்யலாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஊசியில்லாத குறுகிய சிகிச்சைக்கு வேறு இடங்களிலும் ஆதாரம் வந்துகொண்டிருந்தது. சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய இந்திய ஆய்வில், பெடாகுயிலின் சேர்ந்த மாத்திரைக் கூட்டு 91 சதவீதத்தினருக்குப் பலன் தந்தது. 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் 6 மாதச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. தேவை ஒரேயடியாகக் கூடியது.

நிராகரிப்புக்குப் பிறகு

2023 ஜூலையில் இந்தியாவில் மூலக்கூறுக் காப்புரிமை முடிந்தது. உப்பு வழியில் நிற்கவில்லை. லூப்பின், மெக்லியாட்ஸ் போன்ற நிறுவனங்கள் தயாராக இருந்தன. ஆனால் இந்தியாவில் தயாரிக்க முடிந்தால் மட்டும் போதாதே. உப்புக் காப்புரிமை செல்லுபடியாகும் நாடுகளுக்கு அந்த மாத்திரையை அனுப்ப முடியாது.

அந்த ஜூலையில் மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்தன. காப்புரிமை முடியும் தேதி நெருங்கியது. காசநோய்க்கு எதிரான சர்வதேச அமைப்பான ஸ்டாப் டிபி கூட்டமைப்பின் மருந்துக் கொள்முதல் பிரிவு ஜி.டி.எஃப்., அது ஜான்சன் அண்ட் ஜான்சனோடு பேசிக்கொண்டிருந்தது. 11ஆம் தேதி அமெரிக்க எழுத்தாளர் ஜான் கிரீன் ஜான்சன் அண்ட் ஜான்சனைக் கடுமையாகத் தாக்கி ஒரு காணொளி வெளியிட, அவருடைய லட்சக்கணக்கான இளம் ரசிகர்கள் நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கங்களை முற்றுகையிட்டார்கள். 13ஆம் தேதி ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது: ஜி.டி.எஃப். வழியாகப் பெரும்பாலான ஏழை, நடுத்தர நாடுகளுக்குப் பிற நிறுவனங்களின் மாத்திரையும் போகலாம். இரண்டே நாளில் இணையம் வென்றது என்று பலர் கொண்டாடினார்கள். பேச்சு அதற்கு முன்பே முடியும் கட்டத்தில் இருந்தது. அந்தச் சத்தம் அறிவிப்பை விரைவுபடுத்தியிருக்கலாம். ஆனால் பேரத்தில் நிறுவனத்தின் கை இறங்கியதற்கு முதல் காரணம் மார்ச் மாதம் மும்பையில் நடந்தது என்றே நான் நினைக்கிறேன். மலிவாகத் தயாரிக்க ஆள் இல்லாத இடத்தில் பேரம் எங்கிருந்து வரும்?

ஆகஸ்ட் 30 அன்று ஏல முடிவு வந்தது. லூப்பின் 194 டாலர். ஜான்சன் அண்ட் ஜான்சன் 130. அதுவரை 289க்கு விற்றுக்கொண்டிருந்த அதே நிறுவனம், அதே 188 மாத்திரை. மாத்திரை ஒன்று 70 சென்ட்டுக்கும் குறைவு. போட்டியாளர் கதவைத் தட்டியதும் பாதி விலைக்கும் கீழே இறங்க முடிந்தது என்றால், முந்தைய விலைகள் எதற்காக என்று கேட்கத் தோன்றுகிறது. செப்டம்பர் இறுதியில் 134 நாடுகளில் உப்புக் காப்புரிமையை வலியுறுத்த மாட்டோம் என்றும் நிறுவனம் அறிவித்தது.

விலை இறங்கியதால் எல்லாம் முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. 2022இல் மருந்துக்கு மசியாத காசநோய் வந்தவர்கள் உலகில் சுமார் 4,10,000 பேர். அவர்களில் சிகிச்சையில் சேர்ந்தவர்கள் ஐந்தில் இரண்டு பேர்தான். மற்றவர்களில் பலருக்கு மாத்திரையின் விலை தெரியவே வழியில்லை, அவர்களுடைய சளியை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். இன்னொரு பக்கம் ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு: நோயாளியின் குடும்பத்துக்கு மாதாமாதம் உணவுப் பொருள் கொடுத்தபோது வீட்டில் மற்றவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசிக்கும் பருப்புக்கும் காப்புரிமை இல்லை. இருந்தும் அது அந்த வீடுகளுக்குப் போய்ச் சேர ஒரு ஆய்வு தேவைப்பட்டது.

கேப் டவுனுக்கு வந்து சேர்ந்தபோது

ஃபுமேசாவின் நாட்டுக்கு இந்த வெற்றி தாமதமாகத்தான் போனது. தென்னாப்பிரிக்கா ஜி.டி.எஃப். வழியாக வாங்குவதில்லை, தானே வாங்குகிறது. மருந்து பயன்படும் என்று உலகுக்குக் காட்டிய அந்த நாடு, 2023இல் ஜி.டி.எஃப். விலையைப் போல இரு மடங்குக்கும் மேல் கொடுத்துக்கொண்டிருந்தது. அங்கே மறுபடி போராட்டம். செப்டம்பரில் அந்த நாட்டின் போட்டி ஆணையம் நிறுவனத்தின் மீது விசாரணை தொடங்கியது. 2024 ஜூலையில் நிறுவனம் விலையைச் சுமார் 40 சதவீதம் குறைக்கவும் உப்புக் காப்புரிமையை வலியுறுத்தாமல் இருக்கவும் ஒப்புக்கொண்டது. விசாரணை அத்தோடு முடிந்தது.

மும்பைப் பக்கம் ஒரு சின்ன மாற்றம். 2024 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை விதிகள் திருத்தப்பட்டன. காப்புரிமைக்கு முந்தைய எதிர்ப்பு மனுவுக்கு இப்போது கட்டணம் உண்டு. மனு விசாரணைக்கு ஏற்றதா என்பதையும் அதிகாரி முதலிலேயே முடிவு செய்யலாம். 2019 பிப்ரவரியில், ஊசிக்குக் காதைப் பறிகொடுத்த இரண்டு பெண்கள் மனு போட்டபோது கட்டணம் எதுவும் இருக்கவில்லை.